முன் வாங்கில் இருந்துவிட்டோம்: மொன்றியலிலிருந்து வெர்மொண்ட் எழுப்புதல் முகாமுக்கு ஒரு நாள்

போன ஆகஸ்டின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் நானும் எல்லை தாண்டி அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்துக்குப் போய் வந்தோம். காட்டுக்குள் இருக்கும் ஒரு பழைய முகாம் மைதானம் அது. கோடையில் இரண்டு கிழமைகள், பதினாலு நாள் மட்டும் அங்கே கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டம் நடக்கும். சைவக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் நான் எழுதிய கட்டுரை இந்தக் கூட்டங்களைப் பற்றியதுதான். எல்லாவற்றையும் நூலகத்தில் இருந்தே எழுதினேன். ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

இன்னொரு காரணத்தை அப்போது யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் முடித்த முதல் ஆள் நான். செப்டெம்பரில் மேற்படிப்பு தொடங்க இருந்தது. முதலாம் வருட மாணவர்களுக்குக் கிழமைக்கொரு வகுப்பு எடுக்க முடியுமா என்று துறையிலிருந்து கடிதம் வந்திருந்தது. திங்கள் மாலை ஐந்து மணிக்குள் பதில் கொடுக்க வேண்டும். நானோ மூலையில் இருக்கும் டெப்பனர் என்ற சின்னப் பெட்டிக்கடையில் பஸ் காட் நிரப்பித் தரச் சொல்வதற்கே மனதுக்குள் இரண்டு தரம் ஒத்திகை பார்ப்பவள். முடியாது என்ற பதிலை வியாழக்கிழமையே எழுதி, அனுப்பாமல் ஃபோனில் வைத்திருந்தேன். வீட்டில் இருந்தால் அதை அனுப்பிவிடுவேன் என்ற பயத்தில்தான் அந்த ஞாயிறைத் தேர்ந்தெடுத்தேன்.

காலை 6.10க்கு மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜிலிருந்து புறப்பட்டோம். கார் ரவி அண்ணையுடையது. டவுன்டவுனில் ஒரு உணவகச் சமையலறையில் வேலை செய்கிறார், விடுமுறை நாட்களில் தெரிந்தவர்களை ஏற்றி இறக்குவார். பெற்றோலோடு சேர்த்து 180 டொலர் பேசியிருந்தோம். சாம்ப்ளேன் பாலம் தாண்டி 10ஆம் நெடுஞ்சாலை, பிறகு 55ஆம் நெடுஞ்சாலை. ஸ்டான்ஸ்டெட் எல்லை 165 கிலோமீற்றர். வழியில் மகோக்கில் கால் மணி நேரம் நின்று கோப்பி குடித்தோம், ஆளுக்கு 2.25 டொலர்.

எல்லையில் அரை மணி நேரம் பிடித்தது. எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள் என்று அதிகாரி என்னைப் பார்த்தே கேட்டார். நான் ரவி அண்ணையைப் பார்த்தேன். அவர்தான் எனக்காகவும் பதில் சொன்னார். பழம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டபோது அவர் இல்லை என்றார். பையைத் திறந்தால் இடியப்பப் பெட்டிக்கு மேலே நாலு தோடம்பழம். அந்த ஆரஞ்சுகளை அதிகாரி எடுத்துவிட்டார்.

"அக்கா, என்ர மானத்தை வாங்கிப்போட்டியள்," என்றார் அண்ணை, காரை எடுத்த பிறகு.

"நீர் என்னைக் கேட்டனீரே? தோடம்பழத்தில உவங்களுக்கு என்ன பயமோ," என்றா அம்மா. இடியப்பத்தையும் சம்பலையும் விட்டுவிட்டார்கள் என்ற திருப்தி அவவுக்கு.

எல்லையிலிருந்து 91ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே 58 கிலோமீற்றர். இருபுறமும் மலையும் மாட்டுப் பண்ணைகளும். அந்த நாற்பது நிமிடத்தில், எங்கே போகிறோம் என்று இருவருக்கும் விளக்கினேன். காருக்குள் எனக்குப் பேச வரும்.

அமெரிக்கா தனிநாடாகி ஒன்றிரண்டு தலைமுறைக்குள் இந்தப் பக்கமெல்லாம் சனம் புதிதாகக் காடு வெட்டிக் குடியேறியது. தேவாலயம் தூரம், போதகர் அதைவிடத் தூரம். குதிரையில் சுற்றும் போதகர்கள் காட்டுக்குள் ஓரிடத்தைக் குறித்தால், சனம் வண்டில் கட்டி வந்து கூடாரமடித்து நாட்கணக்கில் தங்கும். படித்தவர், படியாதவர் என்று பாராமல் எவரும் எழுந்து தன் மனதில் உள்ளதைச் சொல்லலாம். ஆண்கள் இருக்கும் சபையில் வாய் திறக்காத பெண்கள் முதன்முதலாக உரத்துப் பேசியது பல ஊர்களில் இப்படிப்பட்ட கூட்டங்களில்தான். அப்படிப் பேசிப் பழகியவர்களில் பலர் பிறகு அடிமை முறைக்கும் மதுவுக்கும் எதிராகச் சங்கங்கள் வைத்தார்கள், பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கேட்டார்கள். அந்த வேகத்தில் கப்பலேறியவர்கள்தான் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார்.

"எங்கட தெல்லிப்பழைப் பள்ளிக்கூடமும் அவையள் துவங்கினதுதானே," என்றா அம்மா.

"ஓம். எங்கட கோயிலைப் பற்றிக் கூடாமலும் எழுதினவை, அம்மா."

"எழுதினவைதான். அதுக்குத்தானே எங்கட ஆக்களும் போட்டிக்குச் சைவப் பள்ளிக்கூடம் கட்டினவை. ரெண்டு பக்கத்தாலயும் எங்களுக்கு லாபம்."

9.25க்குப் போய்ச் சேர்ந்தோம். பைன் மரங்களுக்கு நடுவே பக்கச்சுவர் இல்லாத பெரிய மரக்கொட்டகை, தரையில் மரத்தூள், வரிசையாக உட்கார நீள வாங்குகள். சுற்றிவர, பழைய கூடாரங்கள் இருந்த இடத்தில் சின்னச் சின்ன மரவீடுகள். எழுபது பேரளவில் வந்திருந்தார்கள். எல்லோரும் நடுவிலிருந்து பின்னுக்குத்தான் இருந்தார்கள். முதலாவது வாங்கு காலி.

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேரே அந்த வாங்குக்கு நடந்தா.

"அக்கா, எல்லாரும் பின்னுக்கெல்லோ இருக்கினம்," என்றார் ரவி அண்ணை.

"பின்னுக்கு இருந்தா என்ன தெரியும்? இடம் கிடக்கு, வாங்கோ."

கோயிலில் திரை விலகும் நேரம் முன்னுக்கு நிற்க இடம் கிடைத்தால் யார் விடுவார்கள்? நான் அம்மாவோடு போனேன். அண்ணை நழுவிக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த முன் வாங்கைப் பற்றி நான் கட்டுரையில் நாலு பக்கம் எழுதியிருந்தேன். மனதில் பாரம் உள்ளவர்கள் எழுந்து வந்து இருப்பதற்காக ஒதுக்கி வைத்திருப்பது அது. வந்திருப்பவருக்காகச் சபை முழுவதும் மன்றாடும். அதெல்லாம் எப்போதோ முடிந்துபோன வழக்கம் என்று நினைத்திருந்தேன். அதன் மேலேயே இருந்துகொண்டு பாட்டுத்தாளைப் புரட்டினேன்.

நாலு பாட்டு முடிந்தது. கூட்டத்தை நடத்தியவர் கேரல் என்ற பெண். ஐம்பது வயதிருக்கும், மற்ற நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து எங்களுக்கு முன்னால் மரத்தூளில் முழந்தாளிட்டு, மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார். என்ன பாரத்தோடு வந்திருக்கிறீர்கள், சொல்ல விருப்பமென்றால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சும்மா கூட இருக்கிறோம் என்று.

அப்போதுதான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. 

"என்னவாம்?" என்றா அம்மா.

"மனசில என்ன பாரம் எண்டு கேக்கிறா. நாங்கள் இடம் மாறி இருந்திட்டம் அம்மா. ஒண்டும் இல்லை எண்டு சொல்லிட்டு எழும்புவம்."

"எனக்கு ஒண்டும் இல்லை. உனக்கு இருக்கு. வியாழக்கிழமையில இருந்து நீ ஒழுங்காச் சாப்பிடேல்லை."

"அம்மா, இஞ்சை வேண்டாம்."

"எனக்கும் சொல்லுறாயில்லை. இந்த மனுசிக்காவது சொல்லன்."

கேரல் அவசரப்படுத்தவில்லை.  ஏன் எழுந்தேன் என்று இப்போதும் தெரியாது. வாங்கின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பின்னுக்கு இருந்த எழுபது பேரையும் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்: ஒரு வகுப்பு எடுக்கக் கேட்டிருக்கிறார்கள். ஆட்களுக்கு முன்னால் பேச எனக்குப் பயம். நாளை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இது தெரியாது.

குரல் நடுங்கியது. கடைசி வசனம் பாதியில் உடைந்து, திரும்பத் தொடங்கிச் சொல்லி முடித்தேன். பின்னாலிருந்து யாரோ "ஆமென்" என்றார். பிறகு எல்லோரும் தலை குனிந்து எனக்காக மன்றாடினார்கள், அவ்வளவுதான். ஒரு வெளிச்சமும் இறங்கவில்லை. நான் மதம் மாறவும் இல்லை, அடுத்த வெள்ளி வழமைபோல முருகன் கோயிலில்தான் நின்றேன். ஆனால் நான் திரும்ப வாங்கில் இருந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா. 

மதியம் நீள மேசைகளில் சாப்பாடு. இலவசம், வருபவர்கள் ஏதாவது கொண்டுவருவது முறை. எங்கள் இடியப்பமும் சம்பலும் பத்து நிமிடத்தில் முடிந்தன. நான் எழுந்து சொன்னதை ரவி அண்ணை தமிழில் சொல்லிக்கொடுக்க, அம்மா கேரலைத் தேடிப்போய்த் தன் ஆங்கிலத்தில் சொன்னா: "யுவர் பீப்பிள், லோங் டைம் பிஃபோர், கம் மை வில்லேஜ். ஸ்கூல் மேக். ஐ ஸ்டடி. நவ் மை டோட்டர் டீச்." கடைசி வசனத்தை யாரைக் கேட்டுச் சொன்னாவோ தெரியாது. யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது என்று கேரலுக்குத் தெரிந்திருக்கவில்லை. பாட்டுத்தாளின் பின்பக்கத்தில் தெல்லிப்பழை என்று அம்மாவைக் கொண்டு தமிழிலேயே எழுதுவித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

2.30க்குத் திரும்பினோம்.

"தங்கச்சி, உங்கட வகுப்பில எத்தினை பேர்?" என்றார் ரவி அண்ணை.

"இருபத்திரண்டு, அண்ணை."

"இஞ்சை எழுபத்தொண்டு. நான் பின்னுக்கு இருந்து எண்ணினனான். என்னோட எழுபத்திரண்டு."

எல்லை வரிசையில் கனடாத் தொடர்பு ஃபோனுக்கு வந்ததும், எழுதி வைத்ததை அழித்துவிட்டு, சம்மதம் என்று மூன்று வரி எழுதி அனுப்பினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தா. எங்கிருந்து வருகிறீர்கள் என்று அதிகாரி பிரெஞ்சில் கேட்டபோது, அண்ணை வாய் திறக்கும் முன் பின் இருக்கையிலிருந்து நானே பதில் சொன்னேன். 5.50க்கு வீடு.

போக நினைப்பவர்களுக்கு: கனடியக் கடவுச்சீட்டு போதும். நிரந்தர வதிவிட அட்டை மட்டும் உள்ளவர்கள் விசா பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். போகவர 446 கிலோமீற்றர், சுங்கக் கட்டணச் சாலை இல்லை. இப்படியான முகாம்கள் வடக்கு வெர்மொண்டில் கோடையில் மட்டும்தான் நடக்கும், போகுமுன் நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தூள் காலில் குத்தும், செருப்பைக் கழற்றத் தேவையில்லை. தோடம்பழத்தை மகோக்கிலேயே சாப்பிட்டு முடியுங்கள். பேச விருப்பமில்லை என்றால் முதல் வாங்கில் இருக்காதீர்கள்.

இதை எழுதும்போது ஐந்து வகுப்புகள் எடுத்தாகிவிட்டது. குரல் இன்னமும் நடுங்குகிறது, முதல் பத்து நிமிடம் மட்டும். முதல் நாள் இருபத்திரண்டு பேரும் அறையின் பின்பக்கம் நெருங்கி இருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு முழு வரிசை வெறுமை. கதவடியில் இருந்த ஒரு பிள்ளை என்னைப் பார்ப்பதும் மேசையைப் பார்ப்பதுமாக இருந்தாள். கேட்டால் அவளும் என்னைப்போலப் பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்ப்பாள் என்று தெரிந்தது. அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் கதிரையை இழுத்துப்போய் அந்த வெறும் வரிசையில் போட்டு, அவர்களைப் பார்த்து இருந்துகொண்டு தொடங்கினேன்.