முகாமுக்குப் பிள்ளை பிடிக்கிறவள்

மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளைத் தேற வைக்கப் பாடுபடுவார்கள். நாங்கள் தேறாத பிள்ளையைத் தேடி வீடு வீடாக அலைவோம். மதுரை நகரத்துப் பள்ளிகளில் படிப்பு ஏறாமல் தவிக்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, மருத்துவர்கள் வரும் மதிப்பீட்டு முகாமுக்குக் கூட்டிப்போய்க் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கித் தருவது சிறப்பாசிரியையான என் வேலை. அது இருந்தால்தான் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கிடைக்கும். இதே வேலையில் லோல்படும் சகோதரிகளே, படித்துக்கொண்டே நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

எந்த ஸ்கூல்?

என் பொறுப்பில் பள்ளிகள் நிறைய. எதிலும் எனக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்தால், "அது கணக்கு மிஸ் இடம்" என்பார்கள். எழுந்து அடுத்ததில் உட்கார்ந்தால் அதுவும் யாரோ ஒருவருடையதாக இருக்கும். அதனால் ஸ்கூட்டர் சீட்டில் டப்பாவை வைத்து நின்றபடியே மதியச் சாப்பாட்டை முடித்துவிடுவேன்.

ஓர் ஆசிரியர் தினத்தன்று அப்படித்தான் ஒரு பள்ளியின் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே எல்லோருக்கும் ரோஜாப்பூ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் அண்ணன் மிச்சமிருந்த ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். வாங்கப் போனேன். என்ன நினைத்தாரோ, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நீங்க எந்த ஸ்கூல் டீச்சரு? இது நம்ம ஸ்கூல் டீச்சருகளுக்கு மட்டுந்தான்."

ஸ்கூட்டரை எங்கே நிறுத்துவது?

காவியா பத்தாம் வகுப்பு. எதையும் புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் பிடிக்கும். எழுத அதைவிட அதிகம் பிடிக்கும். வாயால் கேட்டால் பாதிக்காவது பதில் வரும், தாளில் ஒன்றும் வராது. சான்றிதழ் இல்லாமல் உட்கார்ந்தால் எல்லாப் பாடமும் போய்விடும். அதோடு படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் அம்மா முத்துலட்சுமி மூன்று தடவை கையெழுத்துப் போட மறுத்தார். நான்காம் தடவைதான் காரணம் வெளியே வந்தது. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். தங்கச்சிக்கு இப்படி ஒரு சான்றிதழ் என்று தெரிந்தால் வருகிற சம்பந்தம் வாசலோடு திரும்பிவிடும். என் வண்டியைப் பார்த்தாலே அந்தத் தெருவில், "பிள்ளை பிடிக்கிறவ வந்துட்டா" என்று பேசிக்கொள்வார்கள். கடைசியில் காவியாவை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "இனிமே வந்தீகன்னா வண்டியை மாவு மில்லுகிட்ட நிப்பாட்டிட்டு நடந்து வாங்க டீச்சர். கையில ஃபைலும் வேணாம்."

பலகை

முகாமில் ஒரு மரப்பலகை வைத்திருப்பார்கள். வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று அதில் பள்ளங்கள் இருக்கும். கட்டைகளை அதனதன் பள்ளத்தில் வைக்க வேண்டும். எத்தனை நேரமாகிறது என்று பார்ப்பார்கள். சட்டைப் பொத்தானையே தடுமாறிப் போடும் காவியா அன்றைக்குக் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டாள். நிறம் கேட்டார்கள், மாதம் கேட்டார்கள். டக் டக்கென்று பதில். மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "இந்தப் பொண்ணுக்குச் சான்றிதழ் தர முடியாதும்மா" என்றார்.

வெளியே வந்தால் முத்துலட்சுமியின் முகமெல்லாம் சிரிப்பு. போன முகாமுக்கு வந்திருந்த ஒரு தாயைப் பிடித்து, என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறார். கணவர் தச்சு வேலை செய்பவர். அச்சு அசலாக ஒரு பலகையையே செய்து கொடுத்துவிட்டார். பதினைந்து நாள் காலையும் மாலையும் பயிற்சி. சோதனை என்றால் பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்றுதானே எந்தத் தாயும் நினைப்பாள்? இதில் அப்படி இல்லை என்று உட்காரவைத்துச் சொல்லாதது என் தப்பு. அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புட்டு வெரசா வச்சுப்புட்டா பாத்தீகளா டீச்சர்? டாக்டரே அசந்துட்டாருல்ல?"

மறுபடியும்

தேர்வுச் சலுகை பெறுவோர் பட்டியலை அனுப்ப இன்னும் பத்து நாள்தான் இருந்தது. தச்சர் செய்த பலகையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அடுத்த வாரம் வேறு சோதனைகள் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

வண்டியை மாவு மில்லில் விட்டு நடந்துபோய் முத்துலட்சுமியிடம் விளக்கினேன். பொய் சொல்லவோ நடிக்கவோ வேண்டாம், எதையும் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளையை அப்படியே கூட்டிவந்தால் போதும் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என் கண்ணு முன்னாடியே தப்புத் தப்பாச் சொல்லுவா. நான் பாத்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கணும். அதான டீச்சர்?"

பரவை மார்க்கெட்

அடுத்த வாரச் சோதனையில் முத்துலட்சுமி அப்படியே உட்கார்ந்திருந்தார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்காமல். சான்றிதழ் கிடைத்தது; பெயரும் பட்டியலில் ஏறியது. தேர்வு முடிவு வந்த அன்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அது அடிக்கவில்லை. பள்ளிக்குப் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காவியா எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். சொல்லிக்கொள்ள ஆள் இல்லாததால் அந்த ரோஜாப்பூ வாட்ச்மேன் அண்ணனிடம் சொன்னேன். யாரோ என் சொந்தக்காரப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்.

ஒருத்திக்குச் சமைக்கக் கால் கிலோ காயே அதிகம். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பரவை மார்க்கெட்டுக்குப் போய்வருவேன். நாலு மனிதக் குரலாவது காதில் விழும். போன மாதம் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் காவியா ஓடிவந்து, "டீச்சர்" என்று என் கையைப் பிடித்தாள். பின்னாலேயே முத்துலட்சுமி, அவரோடு ஒரு பெரிய அம்மாள். மூத்தவளுக்கு நிச்சயமான வீட்டுச் சம்பந்தி என்று அவர்கள் பேச்சில் புரிந்தது. "யாரு மதினி இது?" என்று அந்த அம்மாள் கேட்டார். முத்துலட்சுமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். காவியாவின் கையை மெதுவாக விடுவித்துவிட்டுத் தக்காளி பொறுக்கக் குனிந்துகொண்டேன். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஆனாலும் வலித்தது. தலைக்கு மேலே அவர் குரல் கேட்டது. "இவ படிச்ச பள்ளிக்கூடத்து டீச்சரா இருக்கும் மதினி. எனக்குப் பழக்கமில்ல."

ஆக, இந்த வேலையை ஒருத்தி ஒழுங்காகச் செய்தால், அவளைத் தெரியும் என்று சொல்ல ஊரில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.