யூபிஎஸ் கத்திய காலம்

இல்லை, எழுதாமல் தள்ளிப் போட்டதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். சோம்பல் என்றால் கொஞ்சம் சுகமாகவாவது இருந்திருக்கும்...

கீ... கீ... என்று ஒரு யூபிஎஸ் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஊரெல்லாம் மின்வெட்டு இருந்த காலம். பேட்டரி சார்ஜ் ஏறுவதற்குள் மறுபடி கரண்ட் போய்விடும். கத்த ஆரம்பித்தால் சேவ் செய்ய மட்டும்தான் நேரம்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு டிடிபி சென்டர். நானும் என் தோழி தேன்மொழியும் அங்கே பகுதி நேரமாக டைப் செய்தோம். யார் யாருடைய ஆய்வேடுகளையோ அடித்துக் கொடுத்தேன். என் எம்.ஃபில். ஆய்வேடு மட்டும் கடைசி அத்தியாயத்தில் நின்றது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் ஒரு வருடம் போகும். வீட்டில் அதற்கு மேல் படிக்க விட மாட்டார்கள்.

புதன்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். ஒரு வரி அடிப்பேன், அழிப்பேன். வெளியே தேனி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் குரல். வடை வேகும் வாசனை.

"எம்புட்டு நேரம்டி அந்த ஒரு வரியவே பாப்ப? அது என்ன உன்னப் பொண்ணு பாக்க வந்திருக்கா?" என்றாள் தேன்மொழி.

எப்படியோ சில பக்கங்கள் சேர்ந்தன. கரண்ட் போனது. அன்று யூபிஎஸ் கத்தவே இல்லை. பேட்டரி செத்திருந்தது. நான் சேவ் செய்திருக்கவில்லை.

அழுதேன்.

தேன்மொழி காலண்டர் அட்டையால் எனக்கும் சேர்த்து விசிறினாள். அழிந்துபோன பக்கங்களில் என்ன இருந்தது, வாயால் சொல் என்றாள். வியர்த்து வழிய, உள்ளறை இருட்டில் சொன்னேன். சீக்கிரமே முடிந்துவிட்டது.

"இம்புட்டுத்தானா? இதுக்கா ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?"

கரண்ட் வந்ததும் சொன்னதை அப்படியே அடித்தேன். அழகாக இல்லை. வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டேன்.

சுமாரான ஒன்றை என் பெயரோடு யாராவது பார்த்துவிடும் நாள்... அதைத்தான் அவ்வளவு காலம் தள்ளி வைத்திருந்தேன் போல.

இப்போது கரண்ட் போவதில்லை. எழுதுவது தானாகவே சேவ் ஆகிறது. தனி அறை, நல்ல நாற்காலி. பதிப்பகம் கேட்ட சிறுகதைத் தொகுப்புக்கு இந்த வாரம்தான் கடைசி. ஒரே வரியை நாள் முழுக்கப் பார்க்கலாம், கிண்டல் செய்ய ஆள் இல்லை. தேன்மொழி திருப்பூரில் இருக்கிறாள். பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்புவாள். நானும் ஒன்று அனுப்புவேன்...

இன்று காலை தொகுப்பைத் திருத்தாமலே பதிப்பகத்துக்கு அனுப்பினேன். அதையே தேன்மொழிக்கும் அனுப்பினேன். அவள் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

எழுந்து போய் உலை வைத்தேன்.