இருபத்தைந்தாவது குண்டு

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறவள் நான். காப்பித் தோட்ட வேலைக்கு விடியாமல் போய் இருட்டியபின் வந்தவள், மூடுபனியில் ஒற்றையாக எத்தனையோ தடவை நடந்தவள், ஒரு நாளும் ஒன்றையும் பார்த்ததில்லை. இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள், அதுவும் தெரியும். ஐந்தாம் வகுப்பு படித்தவள் எழுதுவது, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

மலைமேல் வெள்ளக்கடையில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு கார் ரிப்பேர் ஷெட் இருக்கிறது. என் வீட்டுக்காரர் இடுப்பு போய்க் கட்டிலோடு ஆனபிறகு என் மகள் தனம்தான் அதை நடத்துகிறாள். முப்பத்தெட்டு வயது. எவ்வளவு பழைய வண்டியானாலும் பிரித்து மாட்டிவிடுவாள். என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, அதற்காகவும்தான் சொல்கிறேன்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் ஸ்டியரிங் வேலை என்றால் கடைசியில் என்னைத்தான் உட்கார வைப்பார்கள், அவர் காலத்திலிருந்தே அப்படித்தான். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிவிட்டு, நான் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்ப வேண்டும். எங்கே இறுகினாலும் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். கீழே சேலத்தில் ரோடு நேராகப் போகிறது, ஸ்டியரிங்கை நடுவில் ஆட்டமில்லாமல் இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். மலையில் அப்படிச் செய்தால் கொண்டை ஊசி வளைவில் ஒடித்த ஸ்டியரிங் திரும்பி வராது. அதனால் நாங்கள் நடுவில் ஒரு விரல் ஆட்டம் விட்டு, முழுக்க ஒடிக்கும் இடத்தில்தான் இறுகுகிறதா என்று பார்ப்போம். "உங்கம்மா கைக்கு மேல மீட்டரு கெடையாது" என்று அவர் மகளிடம் சொல்வார். என்னிடம் சொன்னதே இல்லை.

அந்தக் கருப்புக் கார் கரடியூர்ப் பக்கம் எஸ்டேட் வைத்திருக்கும் ஐயாவுடையது, அவர் அப்பா காலத்து வண்டி. ஸ்டியரிங் முழுவதையும் பிரித்து, தேய்ந்ததை மாற்றித் திரும்பப் பூட்ட வேண்டும். தனம் தனியாக எடுத்த முதல் ஸ்டியரிங் வேலை. "பொம்பள பூட்டுன ஸ்டியரிங்க நம்பி மலை எறங்கறதா?" என்று டீக்கடையில் பேசிச் சிரித்தது எங்கள் காதுக்கும் வந்தது. ஐயா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு மனைவியையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அதிலேயே சேலம் இறங்குவதாக இருந்தார்.

ஸ்டியரிங் ராடின் அடியில் ஒரு பெட்டி, அதற்குள் மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புக் குண்டுகள். கிரீஸில் ஒட்டவைத்துத்தான் ராடை இறக்க வேண்டும். குளிருக்குக் கிரீஸ் கல்லாகிவிடும் என்று டப்பாவை அடுப்போரம் வைத்து இளக்கிக் கொடுத்தேன். அதற்கு முன்பு அந்தப் பெட்டியை மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளே துணி விட்டுத் துடைத்ததும் நான்தான். உள்ளே ஒன்றுமே இல்லை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கெல்லாம் மூடுபனி ஷெட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நான் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடித் திருப்பினேன். இடது பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. வலது பக்கம் ஒரு சுற்றுக்கு மேல் கால் சுற்று போனதும் நின்றது. இறுகி நிற்கவில்லை, யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் நின்றது. பிறகு என் கையோடு சேர்த்து மெதுவாக நடுவுக்கே திரும்பி வந்தது. தனம் கீழே உட்கார்ந்து டயரைத் தள்ளுகிறாள் என்று நினைத்தேன்.

"டயர உடு கண்ணு, வெளையாடாத."

"நான் எங்கம்மா டயரப் புடிச்சேன்? இங்க கை கழுவீட்டு இருக்கறேன்." சத்தம் வெளியே தண்ணீர்க் குழாய்ப் பக்கமிருந்து வந்தது.

கண்ணைத் திறக்கப் பயந்துகொண்டு மறுபடி திருப்பினேன். அதே இடத்தில் நின்றது. மூன்றாவது தடவையும் அதே இடம்.

தனம் வந்து என்னை இறக்கிவிட்டு அவளே திருப்பிப் பார்த்தாள். ஒரு தடையும் இல்லை. "நொம்ப நல்லாத்தானம்மா இருக்குது" என்று சொல்லிவிட்டு ஜாக்கியை இறக்கினாள்.

நான்கு மணிக்கு ஐயா குடும்பத்தோடு வந்து சாவிக்குக் கை நீட்டினார். அவருக்குக் காப்பி கொடுப்பதானாலும் கதவுக்குப் பின்னால் நின்று நீட்டுகிறவள் நான். அன்றைக்கு எப்படி முன்னால் போய் நின்றேனோ தெரியாது.

"ஏனுங்க ஐயா, இன்னிக்கு வேண்டாமுங்க."

தனம் என் கையைப் பிடித்து இழுத்தாள். "எம் மானத்த வாங்கறயாம்மா? டீக்கடைல நாளைக்கு இதே பேச்சா இருக்கும்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. என்ற கை ஒப்பல கண்ணு."

"கண்ண மூடி உக்காந்தவ தூங்கிப் போட்டா. நீங்க எடுத்துட்டுப் போங்க ஐயா" என்று வீட்டுக்குள் கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் வேறு.

ஐயா பேரப்பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நாங்க வந்த ஜீப்புலயே எறங்கிக்கறோம். நீ இன்னொருக்கா பிரிச்சுப் பாரு தனம்."

அவள் மறுபடி ஜாக்கி போட்டுப் பிரித்தாள். குண்டுகளைத் தட்டில் எடுத்து எண்ணினாள். இருபத்து நான்கு, எல்லாம் பளபளவென்று புதுசு. பெட்டியிலிருந்த எண்ணெயைத் துணியில் வடித்தபோது இன்னொன்று விழுந்தது. கருத்துத் துருவேறிய பழைய குண்டு. சமதரையில் அது ஓரமாகக் கிடந்திருக்கும், இறக்கத்தில் வண்டி சாய்ந்து வலது பக்கம் ஒடிக்கும்போது உருண்டு பல்சக்கரத்தின் பல்லுக்கு நடுவில் சிக்கினால் ஸ்டியரிங் அப்படியே நின்றுவிடும் என்று தனம் சொன்னாள்.

"நீதானம்மா தொடச்ச?"

"நாந்தான் சாமி. உள்ள ஒண்ணுமே இல்ல."

மறுநாள் அவளே திரும்பப் பூட்டி, அவளே ஓட்டிக்கொண்டு, இருபது கொண்டை ஊசியும் இறங்கி ஏறி வந்தாள். பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். சேலத்திலிருந்து திரும்பி வந்து வண்டியை எடுத்துப்போன ஐயா அந்த டீக்கடை வாசலிலேயே காரை நிறுத்தி, "தனம் பூட்டுன ஸ்டியரிங்" என்று சொல்லிவிட்டுத்தான் டீ கேட்டாராம். இப்போது மாரமங்கலத்திலிருந்தெல்லாம் பழைய வண்டிகள் அவளைத் தேடி வருகின்றன. "எங்கம்மா கை வெச்சுப் பாக்கட்டும், அப்பறம் எடுங்க" என்று எல்லோரிடமும் சொல்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனாலும் போய் உட்காருவேன்.

ஒன்றை மட்டும் தனத்திடம் சொல்லவில்லை. அன்று மூன்றாவது தடவை நின்றதும் நான் கண்ணைத் திறந்துவிட்டேன். கருப்பு ஸ்டியரிங் முழுக்கப் பனி ஈரம் படிந்திருந்தது. நான் பிடித்தால் கட்டைவிரல் மட்டும்தான் என் பக்கம் இருக்கும், மற்ற நாலு விரலும் அந்தப் பக்கம் போய்விடும். அன்று நான் கையே வைக்காத மேல்பாதியில், என் பக்கத்திலேயே, நாலு நாலாக விரல் நுனிகள் பதிந்திருந்தன. எனக்கு எதிரே, முன்கண்ணாடிக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவிலிருந்து பிடித்தால்தான் அப்படிப் பதியும். அங்கே ஒரு ஆள் இருக்க இடமே இல்லை. தனம் உட்கார்ந்து திருப்பியதில் அது அழிந்துபோனது.

இன்றைக்கும் எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் கீழ்ப்பாதியில்தான் கை வைக்கிறேன். மேல்பாதியை விட்டுவிடுகிறேன்.