கல்லில் ஒரு சிவப்புக் கை

கணவர் போன பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று திரும்பத் திரும்ப எழுந்து போய்ப் பார்ப்பேன். மகள் வாராவாரம் சிங்கப்பூரிலிருந்து வந்து எனக்காக எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டுப் போவாள். மலேசியாவில், கூலாயில் இருக்கும் எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நான் அவளோடு போய்விட வேண்டும் என்பதும் முடிவாகியிருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கல்லறைக் கல்லில் என்ன செதுக்குவது என்பதை மட்டும் என்னிடம் விட்டிருந்தார்கள். கல்லறைத் திருநாளுக்குள் கல் வைத்தாக வேண்டும். பழைய மாதா கோயில் வளாகத்தில் துரைமார் காலத்துக் கற்கள் இருக்கின்றன. உச்சி வெயிலில் அவற்றுக்கிடையே அலைந்தேன். நங்கூரம் என்றால் நம்பிக்கையாம். படகில் ஏறினாலே வாந்தியெடுக்கும் மனிதருக்கு நங்கூரம் எதற்கு? ஆட்டுக்குட்டி சின்னப் பிள்ளைகளுக்கு. ஒடிந்த தூண் பாதி வயதில் போனவர்களுக்கு. அதன் பக்கத்தில் நிற்கவே பிடிக்கவில்லை. ஒரு கல்லில் கணவன் கையும் மனைவி கையும் பற்றியபடி விடைபெற்றுக்கொண்டிருந்தன. இதுதான் என்று போனில் படமெடுத்து, கல் செதுக்கும் சீனரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

கல் வைத்த அன்று மகள் அலறிவிட்டாள். ஒரு கைக்குத் தங்க வர்ணம். இன்னொன்றுக்கு நல்ல சிவப்பு.

"அலமாக்! ரத்தத்துல முக்கி எடுத்த மாதிரி இருக்கு. ஃபாதர் மந்திரிக்க வர்றதுக்குள்ள சுரண்டிடச் சொல்லுங்க லா!"

அவள் ஏன் அலறுகிறாள் என்று சீனருக்குப் புரியவில்லை. மலாயில் விளக்கினார். அவர்கள் கல்லறைகளில் இறந்தவர் பெயருக்குத் தங்க நிறம். பக்கத்தில் பொறிக்கும், உயிரோடிருக்கும் துணையின் பெயருக்குச் சிவப்பு. எங்கள் கல்லில் என் பெயர் இல்லை, கைதான் இருக்கிறது. அதனால் என் கைக்குச் சிவப்பு பூசியிருக்கிறார். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்று கத்தியோடு குனிந்தார்.

அந்த வருஷம் முழுக்க என்னை உயிரோடிருப்பவர்கள் கணக்கில் சேர்த்தவர் அவர் ஒருவர்தான்.

"ஜாங்கான்!" என்று மலாயில் கத்தி, அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். மகள் பக்கம் திரும்பினேன்.

"அது என் கை. இருக்கட்டும். நான் இன்னும் சாகல. உங்கூட வரல, கூலாய்லதான் இருப்பேன்."