புதுச் சென்சருக்கு எதிராக மூன்று பக்கங்கள்

சென்ற சனிக்கிழமை விட்பி நகரில் ஒரு பிறந்தநாள் விழா. மோர்னிங்சைட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர் ரவி அண்ணை காரில் ஏற்றிக்கொண்டார். முன் சீட்டில் அவர் மனைவி வசந்தி அக்கா, பட்டுச் சேலையில். பின் சீட்டில் நானும் கேக்கும்.

பாதி வழியில் பிக்கரிங் வந்ததும் கார் விழாவுக்குப் போகும் வழியை விட்டு வடக்கே திரும்பியது.

"பத்தே பத்து நிமிஷம்," என்றார் அண்ணை. பத்து நிமிடம் என்று எவர் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

அவருக்கு வேலை ஒரு வயல்வெளி ஆய்வு நிலையத்தில். கார் அங்கேதான் போய் நின்றது. காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் சென்சர் அவர் பொறுப்பு. பத்து வருடமாக ஒரே சென்சர். மூன்று வாரத்துக்கு முன் புதிது வந்தது. பழையதைக் கழற்றுமுன் இரண்டையும் ஒரே கம்பத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

ஒப்பிட்டார். புதிது தோற்றது!

லப்டொப்பைத் திறந்து காட்டினார். "பாரும். நேற்று மழை. பழசிலை ஈரப்பதம் உடனை ஏறியிட்டுது. புதுசிலை ரெண்டு மணித்தியாலம் கழிச்சு ஆறுதலா ஏறுது. வெயிலுக்கும் உப்பிடித்தான். உது சரிவராது."

புதியதைத் திருப்பி அனுப்பச் சொல்லி மூன்று பக்கம் எழுதிவிட்டார். திங்கட்கிழமை மனேஜருக்குப் போகவேண்டும். அந்தச் சென்சரைத் தெரிவு செய்தவரே மனேஜர்தான். பத்து வருடம் சம்பாதித்த பெயர் நிற்குமா, போகுமா... அந்த மூன்று பக்கத்தில் இருந்தது.

பொழுது போகாமல் வசந்தி அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி கம்பத்தடிக்குப் போனார். கவிழ்த்து அடுக்கிய தட்டுகள் போன்ற வெள்ளை மூடிகளுக்குள் சென்சர்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இஞ்சாருங்கோ... புதுசிலை பிளாஸ்ரிக் உறை கிடக்குதெல்லோ?"

"ஓம், வரேக்கையே போட்டு வந்தது. தூசி படும் எண்டு விட்டனான். அடியிலை சின்ன ஓட்டை இருக்கு, காத்துப் போகும்."

"காத்தை அளக்கிற சாமானை மூடிப்போட்டு, ஓட்டையாலை மூச்சு விடச் சொல்லுறியள்! நான் சோபாவுக்கு உறை போட்டா மட்டும் நக்கல்!"

சிரிக்க எனக்குத் தகுதி உண்டா? என் வீட்டு ரிமோட் பொலித்தீனுக்குள்ளேயே வயதாகிவிட்டது. நம்மவர்கள் காரை விற்கும் நாளில்தான் சீட்டின் உண்மையான நிறம் தெரியவரும். எதையும் பாவிக்க வேண்டும் — ஆனால் அது புதிதாகவே இருக்க வேண்டும்!

உறை கழன்றது. அரை மணி நேரத்தில் திரையில் இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டன. அண்ணை லப்டொப்பை மூடினார்.

கார் விட்பியை நெருங்கும்போது அண்ணை கேட்டார். "புதுசு இப்பதான் வழிக்கு வந்தது எண்டு எழுதினால் என்ன?"

"உள்ளதை எழுதுங்கோ," என்றார் அக்கா. "மனேஜர் என்ன, தலையையோ எடுக்கப்போறார்?"

திங்கட்கிழமை ஒரே ஒரு வரி போனது: 'உறையை நான் கழற்றவில்லை.' மனேஜர் அதை அப்படியே மற்ற நிலையங்களுக்கும் அனுப்பிவிட்டார்.

அன்று மாலைக்குள் வேறு இரண்டு நிலையங்களிலும் புதுச் சென்சர்கள் திடீரென்று திருந்திவிட்டனவாம். காரணத்தை மட்டும் ஒருவரும் எழுதவில்லை.