இருசப்பன் வீட்டு மாட்டுக்கு ஜுரம்

உச்சி வெயிலில் மூன்று ஊர் சைக்கிள் மிதித்துவிட்டு வந்து, அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிறேன். ஒருவர் வந்து மாட்டுக்கு மருந்து கேட்கிறார். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

எழுபத்தெட்டாம் வருஷம், புரட்டாசி மாதம். மானாம்பதிப் பக்கத்தில் நான் கிராம நர்ஸ். ஒன்பது ஊருக்கு ஒரே ஆள். வாசலில் நின்றவர் இருசப்பன். ஐம்பது வயது, ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், நாலைந்து மாடு. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தே பேசினார்.

“வூட்டுல ஒரு மாடும்மா. கன்னு போட்டு பத்து நாள் ஆவுது. ஒரு பக்கம் மடி கல்லு மாதிரி கட்டிக்கினு கீது. ஒடம்பு நெருப்பா கொதிக்குது. இன்னா குடுக்கலாம்?”

“இது மனுஷங்களுக்குப் பாக்கற எடம்யா. மாட்டு டாக்டர்கிட்ட போய்க் கேளுங்க.”

“சரிம்மா” என்றார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு போய்விட்டார். நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

தெரியாத ஆள் இல்லை அவர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி செல்லம்மாள், இரண்டாவது பிரசவமாகிப் பன்னிரண்டாம் நாள் ஜுரத்தில் செத்துப்போனாள். அந்தக் குழந்தையும் தங்கவில்லை. மூத்தவள் ஆதிலட்சுமிக்கு அப்போது ஐந்து வயது. மனுஷன் மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டார். அந்தப் பின்னலைப் பார்த்து, மாட்டுக்குக் கயிறு திரித்த மாதிரி இருக்கிறது என்று ஊர்ப் பெண்கள் சிரிப்பார்களாம். வளர்த்துத் தாமல் கிராமத்தில் கட்டிக்கொடுத்தார். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று, தாய் இல்லாத வீட்டுக்கு அவளை அழைத்து வந்தார். சம்பந்தி வீட்டார் தடுத்தும் கேட்கவில்லை.

பிரசவம் பார்த்தது நான்தான். பெண் குழந்தை. பத்தியச் சமையலுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். “நாந்தான். இதுல இன்னா பேஜாரு?” என்று சிரித்தார். ஒரு வாரத்தில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். போகவில்லை. அசதி. அதைத் தவிர வேறு காரணம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

மறுநாளும் இருசப்பன் வந்தார். கூட்டம் கலையும்வரை வெயிலிலேயே நின்றார். இரண்டு மூன்று நாள் தூங்காத முகம்.

“மாட்டு டாக்டரைப் பாத்தீங்களா?” என்றேன்.

துண்டைப் பிரித்து மறுபடி சுருட்டினார். “மாடு இல்லம்மா. எம் பொண்ணு.”

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

“அது ஒண்ணும் சொல்லல. கொழந்தைய ஒரு பக்கமே வச்சிக்கினு பால் குடுக்குது. இந்தப் பக்கம் துணி பட்டாலே மூஞ்சி சுளிக்குது. கேட்டா ஒண்ணுமில்ல நைனாங்குது. எத்தினி மாடு பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? பக்கத்து வூட்டு பாஞ்சாலிய கேக்கச் சொன்னேன். அதுகிட்டயும் ஒண்ணுமில்லன்னிச்சாம். பாஞ்சாலியும் நடவுக்குப் போய்டுச்சு. இவ ஆத்தாளும் இப்பிடித்தான், இன்னா நோவுன்னு வாயத் தொறக்காமயே போய்ட்டா. நாளிக்கி பன்னெண்டாம் நாளும்மா.”

“இதை நேத்தே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?” என்று கத்தினேன். யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆதிலட்சுமி சுவர் ஓரமாகச் சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாக இருந்தது. தலைமாட்டில் ஒரு கொட்டாங்கச்சியில் கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்த விழுது காய்ந்திருந்தது. மாட்டுக்கு மடி வீங்கினால் பூசுகிற மருந்து. இது ஏன் இங்கே என்று கேட்டேன்.

“மாட்டுக்கு அரைச்சது மீந்துபோச்சுன்னு நைனா கொண்டாந்து வைக்குது. மூணு நாளா வைக்குது. எந்த மாட்டுக்கு இன்னான்னு தெரியலக்கா.”

ரவிக்கையைத் தளர்த்திப் பார்த்தேன். இடது மார்பு சிவந்து இறுகி, சீழ் பிடித்திருந்தது. கீறித்தான் எடுக்க வேண்டும். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதும் என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“நைனாகிட்ட வெறும் ஜுரம்னு சொல்லிடுங்கக்கா. இந்த எடத்துலன்னு தெரிஞ்சா, அது மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?”

வெளியே வந்தேன். அவர் வண்டியில் வைக்கோல் பரப்பி, மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கும் முன்பே கிட்டே வந்தார்.

“நர்சம்மா, நான் சொல்லி நீங்க வந்ததா அதுக்குத் தெரிய வேணாம். எனக்கு எதுவும் தெரியாதுன்னே இருக்கட்டும். பொண்ணு கூசிப்பூடும்.”

வழி நெடுக அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னால் அவள் முனகும்போதெல்லாம் முதுகு மட்டும் விறைக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும் இடங்களில் “மெதுவா, மெதுவா” என்று மாட்டிடம் கெஞ்சினார். டாக்டர் அன்று சாயங்காலமே கட்டியைக் கீறி, ஊசி போட்டு, படுக்கையில் சேர்த்துக்கொண்டார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். தூக்கைத் திறந்து சாப்பிட்ட அந்த மத்தியானத்தை நினைத்துக்கொண்டேன். இன்றும் நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துக் காலை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆதிலட்சுமியின் உடம்பு சில்லென்று இருந்தது. குழந்தை வலது பக்கம் பால் குடித்துக்கொண்டிருந்தது. இருசப்பன் உள்ளே வரவில்லை. வாசற்படியிலிருந்தே, மகளுக்கும் கேட்கட்டும் என்பதுபோல் உரக்கக் கேட்டார்.

“இன்னா நர்சம்மா, ஜுரம் எறங்கிச்சா?”

“எறங்கிடுச்சு.”

“வெறும் ஜுரம்தான?”

“வெறும் ஜுரம்தான்.”

கட்டிலில் ஆதிலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் வழிந்த நீரைத் துடைக்கக்கூட இல்லை. வெளியே அவர் படியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்று பதின்மூன்றாம் நாள்.