தரையைத் தொடாத தூண்

மாலினி அக்கா காலமாகிவிட்டார் என்று அவருடைய கணவர் தொலைபேசியில் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் எங்கள் சூரிச் அலுவலக முதலாளி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். 'பழைய வீடுகளை உயிராய் நேசித்தவர்' என்று எழுதியிருந்தார். உடல் ஆறுவதற்குள் அவர் பெயரில் பொய் தொடங்கிவிட்டது. பக்கத்து மேசையில் வேலை செய்தவன் நான். பழைய வீடு என்றாலே அக்காவுக்கு எரிச்சல். ஈரம் நாறும், எலி ஓடும், நிலை தலையில் இடிக்கும் என்பார். அந்த வீடுகளைப் பார்த்து உருகுகிறவர்களைக் கண்டால் இன்னும் எரிச்சல்.

சுவிட்சர்லாந்திலேயே பிறந்த கட்டடக் கலைஞர் அவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர், உங்கள் ஊரிலும் கூரை வேய்ந்த வீடுகள்தானே, அதனால்தான் உங்களுக்கு இதெல்லாம் புரிகிறது என்று கனிவோடு சொன்னார். தான் பிறந்தது வின்டர்தூரில், அடுக்குமாடியில் என்று சொல்லிவிட்டு, அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கும்படி அக்கா அவரிடமே நீட்டினார்.

பிறகு ஆர்காவ் மாநிலத்து வைக்கோல் கூரை வீடொன்றைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. அந்த வகை வீட்டில் மரச்சட்டச் சுவர்கள் கூரையைத் தாங்குவதில்லை. தரையிலிருந்து முகடு வரை ஒரே மரமாக உயரும் தூண்கள் நடுவில் நிற்கும். அவற்றின் மேல் முகட்டு வளை, கூரையின் உச்சியில் நீளக் கிடக்கும் உத்தரம். அந்த வளையிலிருந்து கைமரங்கள் தொங்கும், வைக்கோல் முழுவதும் அவற்றின் மேல். வீட்டை வாங்கிய தம்பதிக்கு நடுத்தூண் இடைஞ்சலாக இருந்தது. பெரிய சாப்பாட்டு மேசை போட முடியவில்லையாம். தூணை அறுத்து இரும்பு வளை பூட்டச் சொன்னார்கள். முதலாளி தலையாட்டினார். அவருக்குத் தலை இருப்பதே அதற்குத்தான்.

அக்கா வரைபடத்தில் கையெழுத்திட மறுத்தார்.

"மேசையைச் சின்னனாய் வாங்கச் சொல்லும் தம்பி. அதுக்கு என்ரை கையெழுத்துத் தேவையில்லை" என்றார் என்னிடம்.

வேலையை அவரிடமிருந்து பிடுங்கினார்கள். வேறொருவர் கையெழுத்திட்டார். தூணின் கீழ்ப்பாதி விறகாய்ப் போனது. மேல்பாதியை மட்டும் அழகுக்கென்று விட்டுவைத்து, அதில் விளக்கும் பூட்டினார்கள். இப்போது அது மேசைக்கு மேலே தொங்குகிறது. விருந்தினர்கள் அண்ணாந்து பார்த்து, இத்தனை காலமாய் இது தாங்குகிறதே என்று வியக்கிறார்களாம். வெட்கம் கெட்ட வியப்பு.

அக்கா நோயுற்றபின் பார்க்கப் போனேன். "அந்த வீட்டை நான் செய்தனான் எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லக்கூடாது" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

முதலாளி நினைவுக் கூட்டத்தை அந்த வீட்டிலேயே வைத்தார். வாசலில் புதிதாய்ப் பித்தளைத் தகடு. அதில் அக்காவின் பெயர், கீழே 'இவரது கைவண்ணம்'. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், அதை நிதானமாக வாசித்தார். வீட்டுக்காரரிடம் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டார். தகடு ஆடுகிறது என்று நினைத்த அந்த மனிதர் ஓடிப்போய் எடுத்துவந்தார். சரியாமல் தகட்டைப் பிடித்தும் கொடுத்தார். அத்தான் அதைக் கழற்றி, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். நானும் கூடவே நடந்தேன்.

அக்கா, அந்த வாசலில் இப்போது திருகாணி ஓட்டைகள்தான் இருக்கின்றன. நிம்மதியாய்ப் போய் வாருங்கள்.